பாட்டுக் கேட்க ஏறிய நத்தைகள்

“என் மகளை எப்போ எடுத்துக்கிடுவீங்க, அம்மை?”

கேட்டவள் அறம்வளர்த்தாள். வயது அறுபத்தொன்று. கேட்கப்பட்டவள் தவமணி அம்மை. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தென்காசியில் வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் அவளுக்கு ஓர் ஓட்டு வீடும் ஒரு கிணறும் இருந்தன. ஊர் அதை ஆசிரமம் என்றது. அவள் அதை வீடு என்றே சொல்லி வந்தாள்.

“எடுத்துக்கிட அவ என்ன பிரசாதமா, அக்கா?”

தன்னைவிட மூத்தவர்களைத் தவமணி அம்மை ‘அக்கா’ என்றும் ‘அண்ணாச்சி’ என்றும்தான் அழைப்பாள். குருவின் வாயால் அக்கா என்று கேட்பதில் அறம்வளர்த்தாளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. பெருமையை விட்டுவிட்டதாக அவள் பலரிடம் சொல்லியிருந்தாள்.

“விளையாடாதீங்க, அம்மை. உமையாளுக்கு வைராக்கியம் முத்திட்டு.”

“எதை வச்சுச் சொல்லுதீங்க?”

“சோத்தைக் கொறிக்குதா. என்கூட உக்கார மாட்டேங்கா. ஒரு வார்த்தை கேட்டா அரை வார்த்தைதான் பதில். சாயங்காலம் நான் விளக்கேத்தி மணி அடிச்சதும் மாடிக்குப் போயிருதா. கைப்பிடிச் சுவர்ல ஏறி உக்காந்து கண்ணை மூடிக்கிடுதா. மணிச் சத்தத்துக்கே தியானம் கூடிருது. எனக்கு இத்தனை வருஷமாக் கூடல. இருபத்துமூணு வயசுல அவளுக்குக் கூடுது.”

“அவகிட்ட கேட்டீங்களா?”

“கேக்க என்ன இருக்கு? பாத்தாலே தெரியுது.”

கணவர் காலமான பிறகு அறம்வளர்த்தாள் தன் வீட்டைக் கோயிலாக்கியிருந்தாள். முதலில் சமையலறையிலிருந்து வெங்காயம் வெளியேறியது. பிறகு தொலைக்காட்சிக்குப் போர்வை போர்த்தப்பட்டது. உறவினர்கள் வந்தால் புராணம் படிக்கச் சொன்னதால் உறவினர்களும் வருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீடு முழுவதற்கும் மௌனம். அந்த வீட்டில் மொத்தம் இரண்டு பேர் என்பதால் விரதத்தை மீறுவது யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். படிப்பை முடித்த உமையாள் வேலைக்குப் போகிறேன் என்று ஒருமுறை சொன்னாள். உலகம் எப்படிப்பட்டது என்று தாய் விளக்கினாள். மகள் மறுமுறை சொல்லவில்லை.

ஊர் இதைத் தவம் என்றது. ஊர் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போகிற ஊர்.

“தைப்பூசத்தன்னைக்கு அவளுக்கு முடி இறக்கிக் காவி குடுத்திருங்க, அம்மை. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“அவகிட்ட?”

“அவகிட்டயும் சொன்னேன். தலையை ஆட்டுனா.”

“மேலயும் கீழயுமாவா, இல்ல பக்கவாட்டுலயா?”

அறம்வளர்த்தாள் யோசித்தாள். அதை அவள் கவனித்திருக்கவில்லை.

அம்மை எழுந்து ஜன்னலருகே போனாள். அங்கே மரப்பலகையின்மீது ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. மீன்கள் இல்லை. எலுமிச்சம்பழ நிறத்தில், எலுமிச்சம்பழப் பருமனில் ஏழு நத்தைகள் இருந்தன. அவை அடியில் கிடந்த கூழாங்கற்களின்மீது ஊர்ந்தன. அவசரம் என்ற சொல்லைக் கேள்விப்படாத ஊர்தல்.

‘சந்நியாசிக்கு எதுக்கு நத்தை?’ என்று அறம்வளர்த்தாள் முன்பொருமுறை கேட்டிருக்கிறாள். ‘நத்தை அப்படிக் கேக்கலையே’ என்றாள் அம்மை. அந்தப் பதிலைப் பெரும் தத்துவமாகக் கொண்டு அறம்வளர்த்தாள் ஒரு வாரம் தியானித்தாள். அம்மைக்கு நத்தைகளைப் பிடிக்கும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

“பெரியம்மாவுக்கு மதுரையில கண் ஆபரேஷன். துணைக்குப் போறேன். நான் வாறவரைக்கும் இதுகளைப் பாத்துக்கோங்க. வந்ததும் உமையாள் விஷயத்துக்குப் பதில் சொல்லுதேன்.”

“இதுகளுக்கு என்ன செய்யணும்?”

“பெருசா ஒண்ணும் செய்யாம இருக்கணும். கொஞ்சம் பசலைக்கீரை, வேகவச்சு ஆறினது. மிச்சம் கிடந்தா எடுத்திருங்க, அழுக விடாதீங்க. அப்பப்போ கொஞ்சம் தண்ணியை மோந்து வெளிய ஊத்திட்டு அதே அளவு கிணத்துத் தண்ணியை ஊத்துங்க. கண்ணாடியில இருக்க பாசியைத் தேய்ச்சிராதீங்க, அதுவும் அதுகளுக்குச் சாப்பாடு. இந்த வெள்ளைத் துண்டு இப்படியே கிடக்கட்டும்.”

“அது என்னது?”

“கடல் நுரை. கணவா மீனோட ஓடு. நத்தை ஓடு கெட்டிப்படுறதுக்கு அது வேணும்.”

பூசை அறைக்குப் பத்தடி தூரத்தில் மீன் ஓடு. அறம்வளர்த்தாள் மூச்சை ஒரு கணம் அடக்கிக்கொண்டாள்.

“நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க, அம்மை. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன்.”

“கண்ணுக்குள்ள வேண்டாம். தொட்டிக்குள்ள இருந்தா போதும்.”

அம்மை பேருந்து ஏறிய அன்றே அறம்வளர்த்தாள் மீன் ஓட்டை இடுக்கியால் எடுத்துத் தாளில் சுற்றி மதிலுக்கு அப்பால் எறிந்தாள். பிறகு தலைக்குக் குளித்தாள்.

அடுத்து, தேங்காய் நாரால் கண்ணாடியைத் தேய்த்தாள். பாசி போயிற்று. தொட்டி பளிங்குபோல் ஆனது.

அடுத்து, தண்ணீர். குருவின் வீட்டு உயிர்களுக்கு வெறும் கிணற்றுத் தண்ணீரா? அவள் மனம் ஒப்பவில்லை. தன் வீட்டுப் பூசைக்குரிய செப்புக் குடத்தைக் கொண்டுவந்தாள். புளியிட்டு, அது பொன்னாக மின்னும்வரை துலக்கினாள். இரவெல்லாம் அதில் தண்ணீரை நிறுத்திவைத்தாள். சுவாமிக்கு அபிஷேகம் செய்கிற தண்ணீர் அப்படித்தான் நிற்கும். செம்பில் நின்ற நீருக்கு மேலான நீர் இல்லை என்பது அவள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம்.

மறுநாள் மாலை, தன் வீட்டில் விளக்கேற்றி மணி அடித்துவிட்டு அம்மை வீட்டுக்கு வந்தாள். வழக்கமாகப் பாட வருகிறவர்கள் கூடியிருந்தார்கள். பாட்டுத் தொடங்குவதற்குமுன் குடத்து நீரைத் தொட்டியில் ஊற்றினாள்.

முதல் பாட்டின் பாதியில் ஒரு நத்தை கண்ணாடியில் ஏறத் தொடங்கியது.

அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மற்றவை. நீர் மட்டத்தைத் தாண்டி வெளியே வந்தன. விளிம்புவரை ஏறி, மூடியின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றன.

ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த குற்றாலிங்கம் கையை எடுத்துவிட்டார். கீழச் சந்நிதித் தெருவில் பூக்கடை வைத்திருப்பவர். எதையும் உடனே நம்பிவிடும் நல்ல மனிதர்.

“அக்கா, கேக்குது பாருங்க.”

“யாரு?”

“நத்தைதான். பாட்டைக் கேக்குது.”

அறம்வளர்த்தாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்த மாலையும் குடத்து நீரை ஊற்றினாள்; அப்படியே நடந்தது. அதற்கடுத்த மாலை, பாட வராதவர்களும் வந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் தொட்டிக்கு வில்வம் சார்த்தினார். செருப்புகள் வாசலைத் தாண்டித் தெருவரை பரவின.

“அம்மை இருக்கையில ஏறலியே, ஏன்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“அப்போ அறம் அக்கா பாடலைல்லா,” என்றார் குற்றாலிங்கம்.

அறம்வளர்த்தாள் அதை மறுக்க வாயெடுத்தாள். பிறகு, உண்மையை மறுப்பதும் ஒருவகை அகந்தைதான் என்று தோன்றவே விட்டுவிட்டாள்.

நத்தைகள் காலையிலும் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. தூங்கும் பிள்ளையைக் கட்டிலில் கிடத்துவதுபோல ஒவ்வொன்றையும் எடுத்துக் கீழே விட்டாள். கீரை தொடப்படாமல் கிடந்தது. விரதம் என்று நினைத்தாள். ஓடுகளின் ஓரம் வெளுத்துவந்தது. திருநீற்று நிறம் என்று நினைத்தாள்.

ஒரு மதியம் வீட்டில் உமையாளுக்குச் சோறு போட்டபடி சொன்னாள்:

“அம்மை வீட்டு நத்தைக்குக்கூட உன்னை மாதிரிப் பக்குவம் வந்திட்டு.”

உமையாள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“அதுகளுக்கு என்னாச்சு?”

பல மாதங்களுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அது. தாய் மகிழ்ந்துபோனாள்.

“நான் பாடினா மேல ஏறி வருது. கீழ இறங்கவே மனசில்ல அதுகளுக்கு. சாப்பாடும் வேண்டாங்குது.”

உமையாள் தாயை உற்றுப் பார்த்தாள். பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனாள்.

ஒரு விடியற்காலையில் தொட்டிக்குக் கீழே தரையில் ஒரு நத்தை கிடந்தது. மூடியின் இடைவெளி வழியாக வெளியே வந்து, ஏறுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் விழுந்திருந்தது. ஓடு உடைந்திருந்தது.

அறம்வளர்த்தாள் அழவில்லை. அதை வாழையிலையில் ஏந்திக்கொண்டுபோய் வில்வ மரத்தடியில் அடக்கம் செய்தாள். அன்று மாலை கூட்டம் இரு மடங்காயிற்று.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அம்மை திரும்பி வந்தாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. தோளில் பையோடு கூட்டத்தின் பின்னால் சற்று நேரம் நின்றாள். பிறகு வழிவிடச் சொல்லி முன்னே வந்து தொட்டியருகே குனிந்தாள்.

மூடியின் அடியில் நத்தைகள் ஒட்டியிருந்தன. அம்மை அவற்றைத் தொடவில்லை. எண்ணினாள்.

“ஒண்ணு குறையுதே.”

“சமாதி அடைஞ்சிட்டு, அம்மை,” என்றாள் அறம்வளர்த்தாள். “வில்வத்தடியில அடக்கம் பண்ணித் திருநீறு வச்சேன்.”

“எப்படிக் கிடந்துது?”

“மேல இருந்து விழுந்து ஓடு உடைஞ்சு.”

“அது செத்துப்போச்சு, அக்கா.”

ஹார்மோனியம் நின்றது.

“தொட்டியில என்ன தண்ணி?”

“செப்புக் குடத்துத் தண்ணி. உங்க உயிர்களுக்கு வெறும் தண்ணியையா ஊத்துவேன்?”

அம்மை வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நீர் இறைத்து வந்தாள். ஆறு நத்தைகளையும் மூடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து வாளிக்குள் விட்டாள். அவை ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு கற்கள்போலக் கிடந்தன. கீரையில் ஓர் இலையைக் கிள்ளிப் போட்டாள். பிறகு வாளிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

கூட்டமும் உட்கார்ந்தது. குரு உட்கார்ந்தால் என்னவோ நடக்கும் என்று அவர்களுக்குப் பழக்கம்.

வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை.

அதன்பின் ஓர் ஓட்டின் வாய் திறந்தது. இரண்டு கொம்புகள் வெளியே நீண்டன. நத்தை புரண்டு நிமிர்ந்து இலையை நோக்கி ஊர்ந்தது. மற்றொன்று திறந்தது. பிறகு இன்னொன்று.

“அண்ணாச்சி, பாடுங்க,” என்றாள் அம்மை.

“எந்தப் பாட்டு?”

“தினமும் பாடுறதுதான்.”

குற்றாலிங்கம் பாடினார். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். அறம்வளர்த்தாள் மற்றவர்களைவிட உரக்கப் பாடினாள். வாளிக்குள் நத்தைகள் அடியிலேயே இருந்தன. ஒன்றுகூட ஏறவில்லை. கீரையின் ஓரம் சிறு சிறு பிறைகளாகக் குறைந்துகொண்டு வந்தது.

“சுருதி கொஞ்சம் இறங்கிட்டோ?” என்றார் குற்றாலிங்கம்.

“சுருதி நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி. அதுகளுக்குப் பசி.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று அடக்கிக்கொண்டார். அறம்வளர்த்தாளின் காது சிவந்தது.

“குடத்துத் தண்ணி ஊத்தலைல்லா, அதான்.”

குடத்தைத் தூக்கிவந்து வாளியின்மேல் சாய்த்தாள். அம்மை கையை நீட்டி வாளியை மறைத்தாள். நீர் அவள் புறங்கையில் விழுந்து தரையில் ஓடியது.

“கையை எடுங்க, அம்மை. ஊத்தினா ஏறும். நான் தினமும் பாக்குதேன். ஊத்தின உடனே ஏறும்.”

“ஆமா.”

“பாட்டுகூட வேண்டாம். ஊத்தின உடனே...”

அவள் நிறுத்தினாள். குடம் சாய்ந்தபடியே இருந்தது. நீர் இப்போது அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மை குடத்தை நிமிர்த்தவில்லை. “செம்பு நத்தைக்கு விஷம், அக்கா,” என்றாள். பிறகு கேட்டாள்:

“உமையாள் எப்போ மாடிக்குப் போவான்னு சொன்னீங்க?”

“நான் மணி அடிச்சதும்.”

“நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு?”

அது அறம்வளர்த்தாள் மறந்துவிட முடிவுசெய்த விஷயம்.

“திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அன்னைக்கு அவ மாடிக்கே போகலையாம். எதிர்வீட்டுச் செண்பகவல்லி சொன்னா. டி.வி. ஓடிச்சாம். உமையாள் சிரிச்ச சத்தம் தெருவுக்குக் கேட்டுச்சாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என் மகளைப் பத்திப் பொய் சொல்லாதேன்னு ஏசினேன்.”

வாளிக்குள் ஒரு நத்தை இலையின்மீது ஏறி, அதன் மறுபக்கம் இறங்கியது.

“அக்கா, மாடிக்கு மேல ஏறுறதுக்கு என்ன இருக்கு?”

அறம்வளர்த்தாளின் கண்முன் மாடிக் கைப்பிடிச் சுவர் வந்தது.

குடத்தைப் போட்டுவிட்டு நடந்தாள். அது உருண்டு சுவரில் மோதிய ஓசை கேட்டது. அவள் திரும்பவில்லை. “அக்கா, செருப்பு,” என்று குற்றாலிங்கம் கூப்பிட்டது கேட்டது. அதற்கும் திரும்பவில்லை.

மூன்று தெருக்கள். அந்த வயதில் அவள் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள். அவள் கண்ணில் யாரும் படவில்லை. கைப்பிடிச் சுவரின் உயரம் எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. அதன்மீது உட்கார்ந்திருக்கும் மகளைக் கண்டு எத்தனையோ மாலைகள் கைகூப்பியிருக்கிறாள். அதன் உயரத்தைப் பார்த்ததில்லை.

தெரு திரும்பியதும் மாடியைப் பார்த்தாள்.

சுவரில் யாரும் இல்லை.

அவள் கண்கள் சுவரிலிருந்து கீழே இறங்கின. முருங்கை மரம். தண்ணீர்க் குழாய். அதன் கீழே சிமெண்டுத் தரை.

தரையில் ஒன்றும் இல்லை.

வாசல் கேட்டைப் பற்றிக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. அப்போதுதான் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது.

உமையாள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். முழு வாக்கியங்கள். ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடாமல். நடுவில் ஒரு சிரிப்பு. பாத்திரத்தில் கரண்டி தட்டும் ஓசை. வாய் நிறையச் சோற்றோடு பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. “இரு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கிடுதேன்,” என்றாள் அந்த யாரிடமோ.

அறம்வளர்த்தாளின் விரல்கள் கொண்டியின்மீது இருந்தன. அந்தக் கொண்டி திறந்தால் கிறீச்சிடும். வீடு முழுவதற்கும் கேட்கும். எண்ணெய் போட வேண்டும் என்று அவள் ஒருபோதும் நினைத்ததில்லை.

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

எதிர்வீட்டு வாசலில் செண்பகவல்லி கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள். அவர்களுக்குள் பேச்சு நின்று பல மாதங்கள். இருந்தாலும், தெருவில் வெறுங்காலோடு நிற்கிறவளைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“என்ன மதினி, வெளிய நிக்கீங்க? சாவி இல்லையா? தைப்பூசத்துக்கு முடி இறக்க ஆள் சொல்லியாச்சா?”

“மெதுவாப் பேசு,” என்றாள் அறம்வளர்த்தாள். “உள்ள அவ சாப்பிடுதா.”